மில்லுக்குச் செம்பு வயரா, பைபரா?

சம்மாந்துறையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வாப்பாவின் அரிசி மில்லில் 16 கமரா போட வேண்டும். ரோட்டோரம் கந்தோர், ரவுட்டரும் கமரா பதிவுப் பெட்டியும் அங்கேதான். அங்கிருந்து மில் கட்டடம் 65 மீற்றர், நெல் ஸ்டோர் 140 மீற்றர். பார்க்க வந்த ஒருவர் எல்லாவற்றுக்கும் கேட் 6 என்ற தரத்து நெட்வேர்க் செம்பு வயரே போதும், ஸ்டோருக்குப் போகிற வழியில் தூணில் ஒரு சுவிட்ச் (பல நெட்வேர்க் வயரை ஒன்றாக இணைக்கும் பெட்டி) வைத்தால் சரி என்றாராம். இன்னொருவர் இந்தக் காலத்தில் யார் செம்பு போடுவது, ஒவ்வொரு கமரா வரைக்கும் பைபரே, அதாவது ஒளியால் செய்தி கொண்டுபோகும் கண்ணாடி இழையே, இழுப்போம் என்றாராம். யார் சொல்வதைக் கேட்பது என்பது தம்பியின் கேள்வி.

இரண்டு பேர் சொன்னதும் வேண்டாம் தம்பி. கட்டடத்துக்கு உள்ளே செம்பு, ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் பைபர். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இரண்டு கூரை உள்ள எந்த வளவுக்கும் நான் இதைத்தான் சொல்வேன், தூரம் வெறும் 30 மீற்றராக இருந்தாலும். ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், காரணம் தெரிந்தால்தான் வேலைக்கு வருகிறவரிடம் நின்று பேசலாம்.

பைபர் என்றதும் எல்லோரும் வேகத்தைத்தான் பேசுகிறார்கள். உங்களுக்கு வேகம் ஒரு பிரச்சினையே இல்லை. 4 மெகாபிக்சல் கமரா ஒன்று செக்கனுக்கு ஏறத்தாழ 4 முதல் 6 மெகாபிட் அனுப்பும், 16 கமராவும் சேர்ந்தாலும் 100 மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும். பழைய கேட் 5ஈ வயரே 100 மீற்றர் தூரத்துக்கு 1000 மெகாபிட் கொண்டுபோகும், அந்தத் தரம் 1999இலேயே வந்துவிட்டது. ஆகவே வேகத்தை ஒரு பக்கம் வையுங்கள்.

நம் பக்கத்தில் யோசிக்க வேண்டியது இடியை. மார்ச், ஏப்ரல் பின்னேரங்களில் கறுத்துக்கொண்டு வரும், பிறகு ஒக்டோபர், நவம்பரில் மாரி இறங்கும் முன் இன்னொரு தடவை. போன் வயரில் இணையம் வந்த ஏடிஎஸ்எல் காலத்தில் வானம் இருண்டால் அம்மா முதலில் ஓடிப்போய்க் கழற்றுவது போன் வயரை, அதற்குப் பிறகுதான் டீவி அன்ரனா. அப்படியும் வருடத்துக்கு ஒரு ரவுட்டர் போகும். இப்போது வீட்டுக்குப் பைபர் வந்த பிறகு அந்தப் பக்கத்தால் இடி வருவதில்லை, கண்ணாடி மின்சாரம் கடத்தாது. ரவுட்டரின் கரண்ட் பக்கத்தால் வருவது வேறு கதை.

இதில் பலர் பிழையாக நினைக்கும் ஒன்று உண்டு. மின்னல் உங்கள் வயரிலோ கட்டடத்திலோ நேரே விழ வேண்டியதில்லை. 100 மீற்றர் தள்ளி ஒரு தென்னையில் விழுந்தாலும் அந்த மின்னோட்டம் நிலத்துக்குள் இறங்கிப் பரவும், பரவும்போது மில்லின் எர்த் கம்பி இருக்கும் நிலமும் கந்தோரின் எர்த் கம்பி இருக்கும் நிலமும் ஒரு கணத்துக்கு ஒரே அழுத்தத்தில் இருக்காது, ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரலாம். இரண்டையும் தொடுத்துக்கொண்டு ஒரு செம்பு வயர் கிடந்தால் அந்த வித்தியாசம் முழுவதும் அந்த வயரைப் பிடித்துக்கொண்டு சுவிட்சுக்குள் வரும். நெட்வேர்க் வயர் செருகும் ஈதர்நெட் போர்ட்டுக்குள் சின்னதாக ஒரு தனிமைப்படுத்தும் ட்ரான்ஸ்போமர் இருக்கிறது, தரம் அதனிடம் கேட்கிற தாங்குதிறன் 1500 வோல்ட். இடிக்கு அது எந்த மூலைக்கு?

நான் இதைப் பட்டுத்தான் படித்தேன். சில வருடங்களுக்கு முன் வாவிக்கரையில் ஒரு தங்குமிடத்துக்கு வேலை செய்தேன். முன்பக்கம் வரவேற்பு, பின்பக்கம் அறைகள், நடுவில் 70 மீற்றர் தோட்டம். 100 மீற்றருக்குள் இருக்கிறதே என்று நல்ல வெளிப்புற கேட் 6 வயரை, சுத்தச் செம்பு, குழாய்க்குள் போட்டுப் புதைத்தேன். ஒக்டோபரில் ஒரு பின்னேரம் பக்கத்து வளவில் இடி விழுந்தது. அடுத்த நாள் போய்ப் பார்த்தால் இரண்டு பக்கச் சுவிட்சும் செத்துக் கிடந்தன, ஐந்து கமரா இல்லை, வரவேற்பு மேசைக் கம்ப்யூட்டரின் நெட்வேர்க் போர்ட் இல்லை, பில் அடிக்கிற பிரிண்டரும் இல்லை. வயரைச் சோதித்தேன், எட்டுக் கம்பியும் ஒழுங்காக இருந்தன. வயர்தான் நன்றாக இருக்கிறதே என்று சுவிட்சை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். அடுத்த ஏப்ரலில் திரும்பவும் அதே காட்சி. அந்த மனிதர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அதற்குப் பிறகு அதே குழாய்க்குள் பைபரை இழுத்துவிட்டுச் செம்பை உருவி எடுத்தேன். பல மாரி போய்விட்டது, அந்த இணைப்பால் ஒரு போர்ட் போகவில்லை.

உங்கள் மில்லில் இன்னொன்றும் சேர்கிறது. கந்தோருக்கு ஒரு கரண்ட் இணைப்பு, மில்லுக்குத் தனியாக மூன்று பேஸ். இடி இல்லாத நாளிலும் இரண்டு கட்டடத்து எர்த்தும் ஒன்றாக இருப்பதில்லை. எனவே 65 மீற்றர்தானே, மில் வரைக்குமாவது செம்பு போடலாமே என்று யாராவது சொன்னால், தூரம் சரிதான், ஆனால் கேள்வி தூரமில்லை என்று சொல்லுங்கள்.

ஸ்டோருக்கு வருவோம். 140 மீற்றர் என்பதால் செம்புக்கு அங்கே இடமே இல்லை. 100 மீற்றர் என்பது யாரோ சும்மா எழுதி வைத்த இலக்கமில்லை, சுவருக்குள்ளும் குழாய்க்குள்ளும் கிடக்கிற வயர் 90 மீற்றர், இரண்டு நுனியிலும் தொங்கும் சின்ன வயர்கள் 10 மீற்றர், இப்படிக் கணக்குப் பார்த்து வைத்தது. 120 மீற்றரில் என் கமரா ஓடுகிறதே என்பவர்கள் இருக்கிறார்கள், உண்மைதான், ஓடும், ஒரு வெயில் நாள் வரை. வயர் சூடானால் இழப்பு கூடும், அப்போது படம் உறையும், ஏன் என்று யாருக்கும் விளங்காது. சில சுவிட்சில் 250 மீற்றர் என்று ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்தினால் போர்ட்டின் வேகம் 10 மெகாபிட்டுக்கு இறங்கும். ஒரு கமராவுக்கு அது காணும், ஸ்டோருக்குள் இருக்கிற ஆறு கமராவுக்குக் காணாது. நடுத்தூணில் சுவிட்ச் என்ற யோசனையை மறந்துவிடுங்கள். வெயில், உப்புக்காற்று, எறும்பு, உமித்தூசி, அதற்கு ஒரு கரண்ட் இழுவை, எல்லாம் சேர்ந்து முதலில் போவது அந்தப் பெட்டிதான், இரவு பத்து மணிக்கு ஏணி போட்டு ஏறப்போவது நீங்கள்.

சரி, அப்படியென்றால் ஏன் எல்லாவற்றையும் பைபரிலேயே செய்யக் கூடாது? கமராவுக்குக் கரண்ட் வேண்டும், கண்ணாடிக்குள்ளால் கரண்ட் போகாது. செம்பு வயரின் பெரிய நன்மை இதுதான். ஒரே வயரில் படமும் வரும், கரண்டும் போகும், பீஓஈ என்று சொல்வது அதைத்தான். 2003இல் வந்த முதல் தரத்தில் சுவிட்ச் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் கொடுக்கும், வழியில் இழந்தது போகக் கமராவுக்கு 12.95 வாட் உறுதி. 2009இல் வந்ததில் 30 வாட். சாதாரணக் கமராவுக்கு முதலாவதே போதும், தலை திருப்புகிற பெரிய கமராவுக்கு இரண்டாவது. ஒவ்வொரு கமராவுக்கும் பைபர் இழுத்தால் ஒவ்வொன்றுக்கும் பைபரைச் செம்புக்கு மாற்றும் ஒரு மாற்றுப் பெட்டி, ஒரு அடப்டர், ஒரு பிளக் பொயின்ட் தேவைப்படும். 16 அடப்டரை உமித்தூசிக்குள் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியாது. மில்லுக்குள் ஒரு பீஓஈ சுவிட்ச், ஸ்டோருக்குள் ஒன்று, இரண்டையும் தூசி புகாத பெட்டிக்குள் வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன யூபிஎஸ் கொடுங்கள், அங்கிருந்து கமராவுக்குச் செம்பு.

இனி அந்தச் செம்பைப் பற்றி. உங்கள் காசு வீணாகப் போகக்கூடிய இடம் பைபர் இல்லை, இதுதான். கடையில் கேட் 6 என்று அச்சடித்த பெட்டிகளில் ஒரு பகுதி செம்பே இல்லை, அலுமினியக் கம்பிக்கு மேலே செம்புப் பூச்சு. ஒரு துண்டு வாங்கி வந்து மேலுறையை உரித்து, நீலக் கம்பியின் பிளாஸ்டிக்கையும் எடுத்துவிட்டு, பிளேட்டால் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். சுத்தச் செம்பு என்றால் சுரண்டச் சுரண்டச் சிவப்பாகவே வரும். பூச்சு வயர் என்றால் இரண்டாவது சுரண்டலில் வெள்ளி நிறம் தெரியும். பெட்டியைத் தூக்கினாலே ஓரளவு தெரியும், 305 மீற்றர் சுருள் கைக்கு லேசாக இருந்தால் சந்தேகப்படுங்கள். அலுமினியம் செம்பைப் போல 60 வீதம் அளவுக்குத்தான் மின்சாரம் கடத்தும், இந்த வயரை ஈதர்நெட் தரங்கள் ஏற்றுக்கொள்வதும் இல்லை.

அது எப்படிக் காட்டிக்கொடுக்கும் தெரியுமா? கமரா பகல் முழுக்க ஒரு குறையும் இல்லாமல் ஓடும். பின்னேரம் ஆறரை மணிக்கு இருட்டுகிறபோது இரவு லைட் எரியும், கமரா இழுக்கும் மின்னோட்டம் கூடும், வயரில் வோல்ட் விழும், கமரா அணையும். அணைந்து திரும்ப எழும்பும்போது லைட் இல்லை, ஆகவே எழும்பும், லைட் போடும், மறுபடி அணையும். விடியும் வரைக்கும் இதுதான். ஆட்கள் கமராவை மாற்றுவார்கள், சுவிட்சை மாற்றுவார்கள், வயரைத் தொட மாட்டார்கள். கேட் 6ஏ வாங்கவா, கேட் 7 வாங்கவா என்று தலையை உடைக்க வேண்டாம், சுத்தச் செம்பு கேட் 6 உங்களுக்குத் தாராளம், சுத்தச் செம்பு கேட் 5ஈ கூடப் பூச்சுக் கேட் 6ஐ விட எவ்வளவோ மேல்.

மோட்டார் வயரோடு சேர்த்து ஒரே குழாய்க்குள் இந்த வயரை விடாதீர்கள், குறுக்கே போக வேண்டி வந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். வயர் நுனியில் பிளக் அடிக்கும்போது சோடிக் கம்பிகளின் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் அவிழ்க்க விடாதீர்கள், அந்த முறுக்குத்தான் மோட்டாரின் இரைச்சலைத் தின்கிறது. கவசமிட்ட வயர் வாங்கலாமா என்று கேட்பீர்கள். கவசத்துக்குச் சரியாக எர்த் கொடுக்கத் தெரிந்தவர் கையில் இருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

அப்புறம் பைபர். ஒற்றை முறை (சிங்கிள் மோட்), பல முறை (மல்டி மோட்) என்று இரண்டு வகை. ஒற்றை முறையில் ஒளி போகும் நடுப்பகுதி ஏறத்தாழ 9 மைக்ரோன், பல முறையில் 50. ஒற்றை முறையையே எடுங்கள். வீடுகளுக்கு இணைப்புக் கொடுக்கப் போடுவது அதுதான், ஆகவே வயரும் கிடைக்கும், அதை ஒட்டத் தெரிந்த பிள்ளைகளும் கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் இருக்கிறார்கள். விலையும் பயப்படுகிற மாதிரி இல்லை, மீற்றர் கணக்கில் பார்த்தால் வீடுகளுக்கு இழுக்கிற சின்ன ட்ரொப் வயர் அநேகமாக நல்ல கேட் 6ஐ விட மலிவாகத்தான் இருக்கும். செலவு ஒட்டுகிற கூலியிலும் இரண்டு நுனியில் வைக்கும் சாமானிலும்தான்.

1966இல் சார்ல்ஸ் காவ் என்ற விஞ்ஞானி கண்ணாடியைப் போதியளவு சுத்தமாக்கினால், ஒரு கிலோமீற்றருக்கு 20 டெசிபெல் இழப்புக்குள் கொண்டுவந்தால், அதில் செய்தி அனுப்பலாம் என்று எழுதினார், அந்த வேலைக்கு 2009இல் நோபல் பரிசும் கிடைத்தது. இன்றைக்கு உங்கள் கைக்கு வரும் சாதாரண வயரில் 1310 நனோமீற்றர் ஒளிக்கு ஒரு கிலோமீற்றருக்கு 0.35 டெசிபெல் அளவுதான் இழப்பு. 140 மீற்றருக்கு அது கணக்கே இல்லை. அதனால்தான் உங்கள் மாதிரி இடத்தில் பிழை வந்தால் கண்ணாடியில் தேட வேண்டாம், நுனியில் தேடுங்கள் என்கிறேன். தூசி பிடித்த கனெக்டர், பிழையான கனெக்டர், மடங்கிய வயர், இந்த மூன்றும்தான். மில்லில் தூசிக்குப் பஞ்சமில்லை, ஆகவே மூடியைக் கழற்றினால் துடைத்துவிட்டுத்தான் செருக வேண்டும், ஒவ்வொரு முறையும். பச்சைக் கனெக்டர் தலையின் முகம் 8 பாகை சரிவாக வெட்டியது, நீலத் தலை நேர். பச்சையை நீலத்துக்குள் செருகினால் உள்ளே போகும், வேலையும் செய்வது போல இருக்கும், ஒளியில் பெரும்பகுதி நடுவில் தொலைந்துவிடும். வீட்டு இணையத்துக்குப் பச்சை பாவிப்பதால் வருகிறவரின் பையில் பச்சைதான் கூட இருக்கும், உங்கள் சாமானுக்கு அநேகமாக நீலம் வேண்டும், முதலே சொல்லி வையுங்கள்.

கையால் அமுக்கிப் பூட்டுகிற அவசரக் கனெக்டர் வேண்டாம், மெஷினால் ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், அழகான வேலை. உறையை உரித்தால் தலைமயிர் மொத்தத்தில் ஒரு கண்ணாடி நூல், உறை போனால் 125 மைக்ரோன். அதை ஸ்பிரிட்டால் துடைத்து, வெட்டியில் வைத்து, ஒரு சின்னக் கீறல், டிக் என்று ஒரு சத்தம், நுனி கண்ணாடி போல நேராக நிற்கும். மெஷினின் திரையில் இரண்டு நுனியும் ஒன்றையொன்று தேடி நெருங்கி வரும், ஒரு பொறி, ஒன்றாகிவிடும். பக்கத்தில் இழப்பு 0.01, 0.02 என்று காட்டும். 0.1க்கு மேல் காட்டினால் மறுபடி வெட்டி ஒட்டச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். வெட்டி எறியும் துண்டுகளை ஒரு மூடியுள்ள போத்தலுக்குள் போட வேண்டும். அவை கண்ணுக்குத் தெரியாது, காலில் ஏறினால் எடுக்கவும் முடியாது, அரிசி இருக்கும் இடத்தில் சொல்லவே தேவையில்லை. ஒளி ஓடுகிற பைபரின் நுனியைக் கண்ணுக்கு நேரே பிடிக்கவும் கூடாது, அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கிறது.

வயரை வாங்கும்போது ஒரு காந்தம் கொண்டுபோங்கள். ட்ரொப் வயருக்குப் பக்கத்தில் ஒரு தாங்கு கம்பி ஒட்டியிருக்கும், உள்ளேயும் கண்ணாடிக்கு இரு பக்கமும் இரண்டு மெல்லிய கம்பி இருக்கும். சிலதில் அவை இரும்பு, சிலதில் கண்ணாடி நார். இரும்பு என்றால் இடி வர வேண்டாம் என்று செம்பைத் தள்ளிவிட்டு இரும்பைக் கூப்பிட்டது போலாகும். காந்தம் ஒட்டாத நார் வகையைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால், அல்லது தொங்கவிட்டு இழுப்பதற்கு இரும்புத் தாங்கு கம்பி வேண்டித்தான் இருந்தால், அந்தத் தாங்கு கம்பியைச் சுவருக்கு வெளியே கொக்கியில் கட்டி அங்கேயே வெட்டிவிட வேண்டும், உள்ளே பெட்டி வரைக்கும் வரக் கூடாது.

நான் என்றால் தொங்கவிட மாட்டேன். மூடை அடுக்கிய லொறி வளவுக்குள் வருகிற இடத்தில் ஒரு நாள் கட்டாயம் கொளுவும். புதைக்கிற குழாய்க்குள் விடுங்கள், லொறி போகும் பாதைக்கு அடியில் இன்னும் ஆழமாக, தடித்த குழாயாக. மாரியில் வயல் தண்ணீர் ஏறி வருகிற நிலம் அது, குழாய்க்குள் தண்ணீர் நிற்கத்தான் போகிறது என்று நினைத்தே ஜெல் நிரப்பிய வெளிப்புற வயரை எடுங்கள். எலிக்கு இரும்புக் கவசம் போட்ட வயர் நல்லதுதான், ஆனால் மறுபடி இரும்பு. ஆகவே குழாயின் இரண்டு வாயையும் இரும்புப் பஞ்சு திணித்து அடைத்துவிடுங்கள், எலி அதைக் கடிக்காது. ஒரு இழை போதும் என்றாலும் நாலு இழை உள்ளதைப் போடுங்கள், குழி ஒரு முறைதான் வெட்டுகிறோம். இழுக்கிற நூல் ஒன்றையும் குழாய்க்குள் விட்டு வையுங்கள். மூடும் முன் அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள், அடுத்த வருடம் மேசன் வந்து குழி வெட்டும்போது தேவைப்படும்.

நுனிகளில் என்ன வைப்பது? தனி மாற்றுப் பெட்டி மலிவு, ஆனால் அதோடு வரும் சின்ன அடப்டர்தான் முதலில் சாகும். பைபர் செருகுகிற எஸ்எப்பி வாய் உள்ள சுவிட்சாக வாங்கினால் அந்தத் தலைவலி இல்லை. அந்த வாயில் செருகும் ஒற்றை இழை எஸ்எப்பி துண்டு ஜோடியாக வரும், ஒன்று 1310 நனோமீற்றர் ஒளியில் அனுப்பி 1550இல் வாங்கும், மற்றது மறுபக்கம். இரண்டு நுனியிலும் ஒரே மாதிரியை வைத்துவிட்டுப் பைபர் பழுது என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 100 மெகாபிட் சாமான் விலை குறைவாகக் கிடக்கும், வேண்டாம், கிகாபிட் எடுங்கள்.

தராசுக்குப் பக்கத்தில் வெளியே இரும்புத் தூணில் ஒரு கமரா வைக்கப்போவதாகச் சொன்னீர்கள். அதற்குச் செம்புதான் போக வேண்டும், ஆகவே ஆபத்தும் அங்கேதான். கந்தோர்ப் பக்கத்தில் அந்த வயருக்கு மட்டும் ஒரு இடித் தடுப்பு வைத்து, அதன் பச்சை எர்த் வயரைக் கட்டடத்தின் எர்த்துக்கே கொடுங்கள், தனியாக ஒரு கம்பி அடிக்க வேண்டாம். அந்தக் கமராவைப் பெரிய சுவிட்சில் செருகாமல், நாலு போர்ட் உள்ள மலிவான ஒரு சின்ன பீஓஈ சுவிட்சில் செருகி, அதற்கும் பெரிய சுவிட்சுக்கும் நடுவில் இரண்டு மீற்றர் பைபர் கொடுத்தால் இன்னும் நல்லது. போனால் சின்னது போகட்டும்.

வயர் இல்லாமல் வைபை மூலமாக அனுப்பலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வயலுக்கு நடுவில் ஒன்றரைக் கிலோமீற்றர் தள்ளி ஒரு வாடி இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். ஒரே மதிலுக்குள் 140 மீற்றருக்குத் தேவையில்லை.

பிள்ளைகள் ஒட்டி முடித்ததும் ஒளியை அளக்கும் மீற்றரால் அளந்து ஒவ்வொரு இழைக்கும் வருகிற அளவை எழுதித் தரச் சொல்லுங்கள், அந்தத் துண்டைப் பெட்டிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டி வையுங்கள். ஒரு வருடம் கழித்துப் படம் விட்டு விட்டு வந்தால் முதலில் பார்க்கப்போவது அந்த இலக்கத்தைத்தான். அதற்கு முன், முதல் வந்தவர் ஏற்கனவே இரண்டு பெட்டி கேட் 6 இறக்கிவிட்டுப் போயிருக்கிறார் என்றீர்களே, இன்றைக்கே அதில் ஒரு முழம் வெட்டிச் சுரண்டிப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் கட்டடத்துக்கு உள்ளே அதையே பாவிக்கலாம். வெள்ளையாக வந்தால் இரண்டு பெட்டியையும் திருப்பிக் கொடுத்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள், எங்கே நல்லது கிடைக்கும் என்று பார்ப்போம்.